லினக்ஸில் வைரஸே வராதா?

"விண்டோஸில் மட்டும்தான் வைரஸ் வருமா, லினக்ஸும் மேக்கும் தப்பித்துவிடுமா?" என்பது கேள்வி. வரும், கணினியை இயக்கும் இந்த மூன்று மென்பொருள்களிலுமே வரும். அடி அதிகம் வாங்குவது மட்டும் விண்டோஸ்.

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கமிருந்துகூட பென்டிரைவோடு ஆட்கள் வருவார்கள். செருகிப் பார்த்தால் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாகி, மூலையில் சின்ன அம்புக்குறியோடு நிற்கும். அதைச் சொடுக்கினால் ஃபோல்டரும் திறக்கும், பின்னாலேயே வைரஸும் ஓடும். கோப்புகள் அழிந்திருக்காது, மறைத்துத்தான் வைத்திருக்கும். அதே பென்டிரைவை லினக்ஸில் செருகினால் எல்லாம் பளிச்சென்று தெரியும். விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் அங்கே சும்மா கிடக்கும். இங்கே கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான் என்பதால் பிள்ளைகளுக்கே இது தெரியும்.

விண்டோஸ் வீட்டுக்கு வீடு இருப்பதால் திருடனுக்கும் அதன்மேல்தான் கண். அந்தக் கால விண்டோஸ் எக்ஸ்பியில் எல்லோரும் முழு அதிகாரம் உள்ள அட்மினாகவே உட்கார்ந்திருந்தோம். உள்ளே வந்த வைரஸுக்கும் அதே அதிகாரம். லினக்ஸில் கணினியின் அடிமடியில் கை வைக்க பாஸ்வேர்டு வேண்டும்.

அதற்காக மெத்தனம் கூடாது. 2012-இல் ஃபிளாஷ்பேக் என்ற வைரஸ், ஜாவா என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகச் சுமார் 6 லட்சம் மேக்குகளில் புகுந்தது. 2016-இல் மிராய் என்ற வைரஸ் பிடித்ததெல்லாம் லினக்ஸில் ஓடும் கேமராக்களும் ரவுட்டர்களும். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை விண்டோஸைக் கலங்கடித்தபோது, அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது!

அப்புறம், பென்டிரைவில் ஃபோல்டர் காணோம் என்றால் உடனே ஃபார்மட் அடித்துவிடாதீர்கள். லினக்ஸ் கணினியில் செருகி முதலில் நகல் எடுங்கள்.