கேமரா கேள்விகள்: காட்டவா, காக்கவா?

கேள்வி: கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். ஞாயிறு வந்தால் கேமராவும் கையுமாகக் கிளம்பிவிடுவேன். சில்வர் பீச், பிச்சாவரம், பனிக்காலத்தில் ஊசுட்டேரி. 24 மெகாபிக்சல் கேமரா. படங்கள் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டன. எல்லாம் ஒரே லேப்டாப்பில் கிடக்கின்றன. படம் பகிரும் தளமான ஃபிளிக்கரில் இலவசக் கணக்கு போதுமா, புரோ கணக்குக்குப் பணம் கட்டலாமா? கூகுளில் இடம் வாங்கினால் போதும் என்கிறான் தம்பி.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நீங்கள் கொலுப்படிக்கு விலை கேட்கிறீர்கள், தம்பி பரணுக்கு விலை சொல்கிறார். ஃபிளிக்கர் நாலு பேருக்குக் காட்டுவதற்கு. அங்கே எண்ணிக்கைதான் கணக்கு. கூகுள் போட்டோஸ் போட்டுவைப்பதற்கு. அங்கே படத்தின் எடைதான் கணக்கு.

ஃபிளிக்கரின் இலவசக் கணக்கில் 1,000 படங்கள் வைக்கலாம். அவற்றுள் பொதுப்பார்வைக்கு வைக்காமல் மறைத்துக்கொள்ளக்கூடியவை 50 மட்டுமே. பலர் கவனிக்காமல் விடுவது இந்த 50-ஐத்தான். ஊசுட்டேரியில் நீந்தும் நாமக்கோழியை ஊர் பார்க்கட்டும். உங்கள் வீட்டு வளைகாப்பை ஏன் பார்க்க வேண்டும்? கேமரா சுருக்காமல் பதிவுசெய்யும் மூலக் கோப்புகளை, அதாவது ரா கோப்புகளை, காக்கவும் ஃபிளிக்கர் உதவாது.

இப்போது உங்கள் நாலாயிரத்துக்கு வருவோம். நாமக்கோழி தண்ணீர்மேல் ஓடி எழும்பும்போது பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பீர்கள். ஒரே ஓட்டத்துக்கு இருபது படம் விழுந்திருக்கும். பறவையின் கண் கூர்மையாக விழுந்தது ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். மற்றவற்றை அழிக்க மனம் வராமல்தான் பலர் புரோ கணக்குக்குப் பணம் கட்டுகிறார்கள். காட்டத் தகுந்த ஆயிரம் படம் வைத்திருக்கும் அமெச்சூரை நான் இன்னும் பார்க்கவில்லை; கண்ணாடியிலும் பார்க்கவில்லை. ஆகவே காட்டுவதற்கு இலவசக் கணக்கே போதும். விளம்பரம் இல்லாத பக்கம், எந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு, 50-க்கு மேல் மறைவுப் படங்கள் ஆகியவை தேவைப்படும் அன்று புரோவை யோசியுங்கள்.

காக்கும் வேலை வேறு. கூகுள் தரும் 15 ஜிபி உங்கள் ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான். கணக்கில்லாமல் இலவசமாக ஏற்றிய காலம் 2021 ஜூன் 1 அன்று முடிந்தது. உங்கள் கேமராவின் ஜேபெக், அதாவது சுருக்கிய படக் கோப்பு, ஒன்று ஏறக்குறைய 10 எம்பி என்றால், நாலாயிரம் படத்துக்கு 40 ஜிபி. 100 ஜிபி கட்டணத் திட்டத்தை வாங்கினால் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை. ரா கோப்புகளையும் ஏற்றினால் ஒன்று ஏறக்குறைய 25 எம்பி வரும். அந்த 100 ஜிபி அப்போதே நிரம்பிவிடும். தேறிய படங்களின் ராவை மட்டும் ஏற்றுங்கள். இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பை வைத்தால் படம் 16 மெகாபிக்சலாகச் சுருங்கும். 12×18 அங்குலப் பிரிண்டுக்கு அதுவே தாங்கும். ஆனால் ஓரத்தை வெட்டிப் பறவையைப் பெரிதாக்குகிற உங்களுக்கு அது சரிப்படாது. அசல் தரத்திலேயே ஏற்றுங்கள்.

மற்ற ராக்களுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு வீட்டில், அதுவும் மாடியில். 2011 தானே புயல், 2024 பெஞ்சல் புயல் இரண்டையும் பார்த்த ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெஞ்சலின்போது நடுநிசியில் தென்பெண்ணை வந்து கதவைத் தட்டிய தெருக்களில், கட்டிலுக்கு அடியில் இருந்த எதுவும் மிஞ்சவில்லை.

எந்தத் திட்டத்தை வாங்கும் முன்னும் ஒன்றை விசாரியுங்கள்: பணம் கட்டுவதை நிறுத்தினால் என் படங்கள் என்ன ஆகும்? 2013-இல் ஃபிளிக்கர் ஒரு டெராபைட்டை இலவசமாகவே வாரிக் கொடுத்தது. 2018-இல் ஸ்மக்மக் என்ற நிறுவனம் ஃபிளிக்கரை வாங்கியது. அந்த ஆண்டே 1,000 பட வரம்பு அறிவிக்கப்பட்டது. மிகுதியைக் குறித்த நாளுக்குள் இறக்கிக்கொள்ளுங்கள், இல்லையேல் நீக்கப்படும் என்றார்கள். புரோ சந்தா நின்றுபோனாலும் நீங்கள் அதே வரம்புக்குத்தான் திரும்புவீர்கள். கூகுளில் அளவு மீறினால் புதிய படம் ஏறாது, அஞ்சலும் வராது. இரண்டு ஆண்டுகள் அப்படியே விட்டால் இருப்பதும் அழிக்கப்படலாம். சந்தா நிற்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டாம். வங்கி அட்டை காலாவதியானால் போதும். இது உங்கள் கவுண்டருக்கு அன்றாடம் வருகிற வழக்காயிற்றே.

கேள்வி: புதுச்சேரி வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்களையும் காகிதப் பூக்களையும் படம் எடுத்து இணையத்தில் வைக்கிறேன். வேறொருவர் தன் படம் என்று போட்டுக்கொண்டார். பணம் கட்டும் கணக்குக்கு மாறினால் திருட்டு நிற்குமா?
– கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை

பதில்: நிற்காது. தரவிறக்கத்தைத் தடுத்தாலும் திரையைப் படம் பிடிக்கும் கையை யாரும் தடுக்க முடியாது. நீண்ட பக்கம் 2,048 பிக்சலுக்கு மேல் போகாமல் சுருக்கி ஏற்றுங்கள். திரைக்கு அழகாக இருக்கும், பெரிய பிரிண்டுக்கு ஆகாது. மூலையில் பெயர் பொறிப்பது வீண். வெட்டி எடுக்க ஒரு நொடி போதும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக எடுத்த படத்துக்குப் பதிவு செய்யாமலே உரிமை உங்களுடையது. வழக்கு என்று வந்தால் உங்கள் ரா கோப்பு பேசும். அது அந்த ஆளிடம் இருக்காது. படத்தை எடுக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கு உடனே புகார் அனுப்புங்கள்.

கேள்வி: படத் தளத்துக்குப் பணம் கட்டுவதென்றால் ஆண்டுச் சந்தாவா, மாதச் சந்தாவா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: ஆண்டுச் சந்தாதான் மலிவு. ஆனால் முதல் இரண்டு மாதம் மாதக் கணக்கில் கட்டிப் பாருங்கள். வாரம் ஒருமுறையாவது உள்ளே போகவில்லை என்றால் அந்தப் பணத்தில் ஒரு மெமரி கார்டு வாங்கிக்கொள்ளுங்கள்.