துபாய் ஸ்கிராப்புக்கு 30 சதவீதம் அட்வான்ஸ் அனுப்பலாமா?

கேள்வி: கோவையில் சின்ன அலுமினிய ஃபவுண்டரி நடத்துகிறேன். பம்ப் பாகங்களும் கொஞ்சம் ஆட்டோ பாகங்களும் வார்க்கிறோம். மாதம் இருபது, இருபத்தைந்து டன் உருகும். இதுவரை உள்ளூர் வியாபாரிகளிடம்தான் ஸ்கிராப் வாங்கினேன். இப்போது துபாயிலிருந்து ஒரு டிரேடர், டென்ஸ் ரகத்தை எல்.எம்.இ. (லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச் என்ற உலோகச் சந்தை) விலையிலிருந்து 30 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்கிறார். 30 சதவீதம் அட்வான்ஸ், பி.எல். (சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) நகல் மெயிலில் வந்ததும் மீதிப் பணம். நேரடி இறக்குமதியில் இறங்கலாமா? எல்.எம்.இ. தினமும் ஏறி இறங்குவதை எப்படிச் சமாளிப்பது?

பதில்: இறங்கலாம். ஆனால் இந்த ஷரத்தில் வேண்டாம். அவர் சொன்ன விலையை விட, அவர் சொல்லாமல் விட்டவைதான் உங்கள் பணத்தைத் தின்னும்.

முதலில் அந்த 30 சதவீதம்.  எல்.எம்.இ.யில் விலை போகும் அலுமினியம் 99.7 சதவீதத் தூய்மை உள்ள பிரைமரி இன்காட் (தாதுவிலிருந்து நேராக எடுத்த கட்டி), ஒரு லாட் 25 டன். டென்ஸ் என்பதோ பழைய எஞ்சின் பிளாக், கியர்பாக்ஸ் மூடி போன்ற கலப்பு வார்ப்புகள். சிலிக்கான், செம்பு, துத்தநாகம் எல்லாம் கலந்தது, உருக்கினால் கழிவும் போகும். அதனால் அது எப்போதும் எல்.எம்.இ.க்குக் கீழேதான் விற்கும். 30 சதவீதம் குறைவு என்பது சலுகை அல்ல, அந்த ரகத்தின் இயல்பு. மலிவா இல்லையா என்று தெரிய வேண்டுமானால், ஃபாஸ்ட்மார்க்கெட்ஸ், டேவிஸ் இண்டெக்ஸ் போன்ற விலை வெளியிடும் நிறுவனங்கள் போடும் இந்தியத் துறைமுக டென்ஸ் விலையோடு, அதே வாரத்தில் வைத்துப் பாருங்கள். அதைவிடவும் வெகுவாகக் குறைவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்கிராப்புக்கு இன்று உலகம் முழுக்கப் போட்டி. பிரைமரி அலுமினியம் எடுக்கத் தேவையான எரிசக்தியில் சுமார் 5 சதவீதம் இருந்தாலே ஸ்கிராப்பை உருக்கிவிடலாம் என்பதால் எல்லோருக்கும் அது வேண்டும். அமெரிக்கா 2025 ஜூனில் அலுமினிய இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியபோது ஸ்கிராப்பை மட்டும் விட்டுவைத்தது. ஐரோப்பிய யூனியன் 2027 மே மாதத்திலிருந்து, ஓ.இ.சி.டி. என்ற வளர்ந்த நாடுகள் கூட்டமைப்பில் இல்லாத இடங்களுக்குக் கழிவு ஏற்றுமதியை இறுக்கப்போகிறது. நல்ல சரக்கு வைத்திருப்பவர் ஆள் தேடி அலைய வேண்டிய காலம் இல்லை இது.

அடுத்து, எந்த எல்.எம்.இ.? உடனடி டெலிவரிக்கான கேஷ் விலையா, மூன்று மாதம் கழித்து டெலிவரி என்ற மூன்று மாத விலையா? (சிலியிலிருந்து செம்பும் மலாயாவிலிருந்து வெள்ளீயமும் லண்டனுக்குக் கப்பலில் வந்துசேர மூன்று மாதம் ஆன காலத்து வழக்கம் அது, இன்றும் தொடர்கிறது.) புக் செய்த நாளின் விலையா, சரக்கு ஏறிய நாளின் விலையா, ஏறிய மாதத்துக்கு அடுத்த மாதச் சராசரியா? ஒப்பந்தத்தில் இதை 'கியூ.பி.' என்பார்கள், விலை தீர்மானிக்கும் காலம். அது எழுதப்படாத ஒப்பந்தத்தில் சந்தை எந்தப் பக்கம் போனாலும் அவருக்குச் சாதகமான நாளை அவர் எடுத்துக்கொள்வார்.

உங்கள் ஊர்க் கணக்கில் இதைவிடப் பெரியது ரெக்கவரி, அதாவது உருக்கிய பிறகு கையில் மிஞ்சும் உலோகம். ஒரு கணக்குக்காக, எல்லாச் செலவும் சேர்த்து ஃபவுண்டரி வாசலில் கிலோ 170 ரூபாய்க்கு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 92 சதவீதம் உலோகமாக இறங்கினால் உருகிய கிலோ சுமார் 185 ரூபாய். 86 சதவீதம்தான் இறங்கினால் 198 ரூபாய். உள்ளூர் வியாபாரியிடம் 178 ரூபாய்க்கு, கண்ணால் பார்த்துப் பொறுக்கி எடுத்த சரக்கு 95 சதவீதம் கொடுத்தால் 187 ரூபாய்தான் ஆகிறது. எட்டு ரூபாய் மலிவாக வாங்கிய சரக்கு, டிராஸ் (உருகலின் மேல் மிதக்கும் கழிவு) எடுத்துத் தூக்கிப் போட்ட பிறகு பத்து ரூபாய் விலை கூடியதாகிவிடும். ஒரு கண்டெய்னர் 24 டன் என்றால் அந்த ஆறு சதவீத வித்தியாசமே ஏறக்குறைய ஒன்றரை டன் உலோகம்.

ரகப் பெயரை நம்பி மட்டும் வாங்கக்கூடாது என்பதும் இதனால்தான். டென்ஸ், ஸோர்பா, ட்விட்ச், ஹனி என்ற இந்தப் பெயர்கள் அமெரிக்க ஸ்கிராப் வியாபாரிகள் சங்கம் வகுத்த ரகக் குறியீடுகள். குறியீட்டின்படி டென்ஸில் இரும்பு, பித்தளை, மண் இருக்கக்கூடாது. எண்ணெயும் கிரீஸும் 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நடைமுறையில் போல்ட்டும் ஸ்டீல் லைனரும் ஒட்டிக்கொண்டுதான் வரும். அதனால் 'இரும்பு ஒட்டு அதிகபட்சம் இத்தனை சதவீதம், மேலே போனால் கிலோவுக்கு இத்தனை பிடித்தம்' என்று எண்ணில் எழுதி வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: பம்ப் பாகங்களை எந்த அலாயில் (கலப்பு உலோகத்தில்) வார்க்கிறீர்கள்? எல்.எம்.25 என்றால் இரும்பு 0.5 சதவீதம், செம்பு 0.2 சதவீதம்தான் வரம்பு. ஆட்டோ பாகங்களுக்கான ஏ.டி.சி.12-இல் இரும்பு 1.3 வரைக்கும், செம்பு 1.5 முதல் 3.5 வரைக்கும் போகலாம். டென்ஸை உருக்கினால் இயல்பாகவே ஏ.டி.சி.12 பக்கம்தான் சாயும். உருகிய அலுமினியத்தில் இரும்பு கரைந்துவிட்டால் சின்ன ஃபவுண்டரியில் அதை வெளியே எடுக்க வழியில்லை. பிரைமரி இன்காட் ஊற்றி நீர்க்க வைக்கத்தான் முடியும், அதில் நீங்கள் மிச்சம் பிடித்த காசு போய்விடும். ஆக, உங்கள் மாத உருக்கில் ஆட்டோ பாகங்களின் பங்கு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் டென்ஸ். பம்ப் ஆர்டருக்கு இதை நம்பி இறங்கினால் ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டில் (உலோகத்தில் எது எவ்வளவு என்று காட்டும் சோதனையில்) மாட்டிக்கொள்வீர்கள்.

இனி பணம் கட்டும் விஷயம். அட்வான்ஸ் கேட்பதே ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். 2008 ஜூலையில் டன் 9,000 டாலரை நெருங்கிய செம்பு டிசம்பரில் 3,000-க்குக் கீழே விழுந்தது. அலுமினியமும் பாதிக்கும் கீழே போனது. பழைய விலையில் புக் செய்திருந்த இந்திய, சீன வாடிக்கையாளர்கள் பலர் கண்டெய்னர்களைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். விற்பவருக்கு அந்தப் பயம் இருக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் பி.எல். நகலைப் பார்த்து மீதி 70 சதவீதத்தையும் அனுப்புவது என்றால், பயம் முழுவதையும் உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம்.

பி.எல். எதற்குச் சாட்சி? கண்டெய்னர் கப்பலில் ஏறியதற்கு. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு இல்லை. 'உள்ளே இருப்பதாக ஏற்றுமதியாளர் சொல்வது' என்ற வாசகம் பெரும்பாலான பி.எல்.களில் அச்சாகியே இருக்கும், எடுத்துப் பாருங்கள். 2020-இல் நடந்ததைச் சொல்கிறேன். ஜெனிவாவைச் சேர்ந்த மெர்குரியா, உலகின் பெரிய கமாடிட்டி டிரேடர்களில் ஒன்று. துருக்கியிலிருந்து சீனாவுக்கு பிளிஸ்டர் செம்பு (முழுதாகச் சுத்திகரிக்காத செம்பு) வாங்கியது. சுமார் 3.6 கோடி டாலர் கைமாறியது. சீனாவில் கண்டெய்னரைத் திறந்தால் செம்பு நிறப் பெயிண்ட் அடித்த கற்கள். இன்ஸ்பெக்டர் இல்லாமல் ஏற்றிய சரக்கு அல்ல அது. மெர்குரியா தரப்பு சொன்னபடி, முதலில் ஏற்றி, சோதித்து, சீல் வைத்தது நிஜச் செம்புதான். பிறகு சீலை மாற்றி, கண்டெய்னரைத் திறந்து, சரக்கை மாற்றியிருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் பேப்பர்களிலும் பெரும்பாலானவை போலி. 2023 பிப்ரவரியில் டிராஃபிகுரா என்ற இன்னொரு பெரிய டிரேடரும் நிக்கல் இருக்க வேண்டிய கண்டெய்னர்களில் நிக்கல் இல்லை என்று 57.7 கோடி டாலர் நஷ்டத்தை எழுதியது. அடுத்த மாதமே ராட்டர்டாமில் எல்.எம்.இ. அங்கீகரித்த கிடங்கிலேயே நிக்கல் மூட்டைகளில் கல் இருந்தது தெரிந்தது. ஆளும் வக்கீலும் வைத்திருப்பவர்களுக்கே இந்த நிலை.

நீங்கள் செய்யக்கூடியது: எஸ்.ஜி.எஸ்., பீரோ வெரிடாஸ் போன்ற சரக்குச் சோதனை ஏஜென்சியை நீங்களே நியமித்து, ஃபீஸ் நீங்களே கட்டுங்கள். விற்பவர் அனுப்பும் சர்டிபிகேட் போதாது. காலி கண்டெய்னர் எடை, ஏற்றிய எடை, ஏற்றும்போது எடுத்த படங்கள், சீல் எண் எல்லாம் வேண்டும். அந்த சீல் எண் பி.எல்.லில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு டாலர் அனுப்பும் முன் பி.எல். எண்ணையும் கண்டெய்னர் எண்ணையும் கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். போலி பி.எல். பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்திலேயே சாயம் வெளுத்துவிடும்.

எல்.சி. (உங்கள் சார்பில் பேங்க் தரும் பண உத்தரவாதம்) போட்டால் பாதுகாப்பு என்று உங்கள் பேங்க் மேனேஜர் சொல்வார். பாதி உண்மை. எல்.சி.களை ஆளும் யு.சி.பி. 600 விதிகளின்படி பேங்க் பார்ப்பது டாக்குமெண்டை மட்டும்தான், சரக்கை அல்ல. பேப்பர் சரியாக இருந்தால் கண்டெய்னரில் கல் இருந்தாலும் பேங்க் பணம் கொடுத்தே ஆக வேண்டும். 90 நாள் யூசன்ஸ் எல்.சி. (90 நாள் தவணையில் பணம் தருவது) என்றால் சரக்கைப் பார்த்த பிறகுதானே பணம் என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். டாக்குமெண்டை பேங்க் ஏற்றுக்கொண்டுவிட்டால் 90-ஆம் நாள் பணம் போகும், நிறுத்த வேண்டுமானால் மோசடி என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். எல்.சி.யின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: எந்தெந்த டாக்குமெண்ட் வேண்டும் என்று எழுதுவது நீங்கள். உங்கள் ஏஜென்சியின் பெயரைக் குறிப்பிட்டு அதன் இன்ஸ்பெக்‌ஷன் சர்டிபிகேட்டை அதில் கட்டாயமாக்கினால், போலிச் சரக்குக்காரர் அங்கேயே ஓடிவிடுவார்.

அட்வான்ஸ் அனுப்பி சரக்கு வராமல் போனால் இன்னொரு தலைவலி காத்திருக்கிறது. அனுப்பிய டாலருக்கு ஈடான பில் ஆஃப் என்ட்ரியை (சரக்கு இறங்கியதற்கான கஸ்டம்ஸ் பேப்பரை) பேங்க் கேட்டுக்கொண்டே இருக்கும். ஏமாந்தவரே ரிசர்வ் பேங்க் கணக்கில் பாக்கிக்காரராக நிற்பார்.

ஸ்கிராப்புக்கே உரிய சங்கதி பி.எஸ்.ஐ.சி. என்ற ஏற்றுமதிக்கு முந்தைய சோதனைச் சான்று. 2004-இல் காஸியாபாத்தில் உருக்காலைக்கு வந்த இறக்குமதி ஸ்கிராப்பில் கிடந்த குண்டுகள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்த பிறகு கெடுபிடி வந்தது. வெடிபொருளும் கதிர்வீச்சும் இல்லை என்று டி.ஜி.எஃப்.டி. (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) அங்கீகரித்த ஏஜென்சி எழுதித் தர வேண்டும். எந்த நாட்டுச் சரக்குக்கு, எந்தத் துறைமுகத்தில் எப்படி என்ற விவரம் மாறிக்கொண்டே இருக்கும். கொச்சியோ தூத்துக்குடியோ, உங்கள் கஸ்டம்ஸ் ஏஜெண்டிடம் சரக்கு ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். வந்திறங்கிய பிறகு பேப்பர் தேடினால் ஃப்ரீ டேஸ் (வாடகை இல்லாத நாட்கள்) முடிந்து, கண்டெய்னர் வாடகை டாலரில் ஓடத் தொடங்கும்.

விலை ஏற்ற இறக்கத்துக்கு வருவோம். எம்.சி.எக்ஸ். என்ற இந்திய கமாடிட்டி சந்தையில் அலுமினியம் மினி என்ற ஃபியூச்சர்ஸ் (முன்பேர ஒப்பந்தம்) ஒரு லாட் ஒரு டன்தான். விலை ரூபாயில் கிலோவுக்கு இருப்பதால் டாலர் ஏற்ற இறக்கமும் அதற்குள் அடங்கிவிடும். கண்டெய்னரை நிலையான விலையில் புக் செய்த அன்றே அங்கே விற்று வைத்து, உங்கள் வார்ப்பு விற்கும்போது திரும்ப வாங்கிவிட்டால், இடைப்பட்ட இரண்டு மாத இறக்கம் உங்களைத் தாக்காது. ஆனால் விலை ஏறினால் அன்றன்றைய நஷ்டத்தை அன்றன்றே பணமாகக் கட்ட வேண்டும், வார்ப்பில் வரும் லாபமோ இரண்டு மாதம் கழித்து. தவிர, டென்ஸ் விலை பிரைமரி விலையோடு ஒட்டியே போகாது. உங்கள் அளவுக்கு நான் இதை முதல் வேலையாகச் சொல்ல மாட்டேன். ஆட்டோ வாடிக்கையாளர் உங்களுக்கு அலாய் விலையை மாதா மாதம் திருத்துகிறாரா, காலாண்டுக்கு ஒருமுறையா? ஸ்கிராப் வாங்கும் கியூ.பி.யையும் அதே காலத்துக்கு அமைத்துக்கொண்டால், சந்தையில் ஒரு ரூபாய் மார்ஜின் (ஈட்டுப் பணம்) கட்டாமலே பாதி ஆபத்து தீர்ந்துவிடும். மீதிக்கு வேண்டுமானால் மினி.

முதல் தடவையே துபாய் வேண்டாம். கொச்சியிலோ சென்னையிலோ தொடர்ந்து இறக்குமதி செய்பவரிடம் ஹை சீ சேல் முறையில் (சரக்கு கப்பலில் வரும்போதே கைமாற்றி வாங்குவது) ஒரு கண்டெய்னர் வாங்குங்கள். கொஞ்சம் கமிஷன் போகும். இருந்தாலும் சீல் உடைப்பதை வீடியோ எடுத்து, எடை போட்டு, இரும்பைப் பிரித்துத் தனியாக எடை பார்த்து, நாலைந்து சார்ஜ் (உலையில் ஒரு தடவை போடும் அளவு) தனியாக உருக்கினால் உங்கள் உலையில் டென்ஸின் நிஜ ரெக்கவரி எவ்வளவு என்ற எண் கிடைக்கும். அந்த எண் கையில் இல்லாமல் எந்த டிரேடரிடமும் பேரம் பேச முடியாது.

பிறகு துபாய்க்காரருக்கு இப்படி எழுதுங்கள்: ஒரே கண்டெய்னர், அட்வான்ஸ் 10 சதவீதம், மீதி பேங்க் மூலம் டாக்குமெண்ட் வந்த பிறகு, அல்லது எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் சர்டிபிகேட்டோடு எல்.சி.; எல்.எம்.இ. கேஷ், ஏற்றிய மாதச் சராசரி. இரும்பு ஒட்டுக்கும் எடைக் குறைவுக்கும் பிடித்தம். சரக்கு வந்த பதினைந்து நாளுக்குள் கிளெய்ம். கூடவே இன்னொரு வரி: பேங்க் கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால், நாங்கள் ஏற்கெனவே பேசிய எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்யாமல் பணம் அனுப்ப மாட்டோம். மெயிலுக்குள் புகுந்து கணக்கு எண்ணை மாற்றிவிடும் திருட்டு இந்த வியாபாரத்தில் சகஜம், அதில் விற்பவரும் சேர்ந்தேதான் ஏமாறுவார்.

நிஜமான வியாபாரி இதில் இரண்டு மூன்றை மறுத்து, விலையில் கொஞ்சம் ஏற்றி, பேரம் பேசுவார். அப்படிப் பேசினால் நல்லது, தொடருங்கள். 'இன்றைக்கு அட்வான்ஸ் போட்டால்தான் இந்த விலை' என்ற பதில் வந்தால் நன்றி சொல்லி முடித்துக்கொண்டு, இந்த மாதச் சரக்கை உள்ளூர் வியாபாரியிடமே சொல்லிவிடுங்கள்.