ஒரு சிம் ரவுட்டர், நான்கு கணினிகள்: இணைப்பைப் பகிர்வது எப்படி?

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் 4ஜி ரவுட்டருக்கு முன்ஜன்னலில் மட்டுமே சிக்னல் கிடைக்கிறது. கருங்கல் சுவரைத் தாண்டிப் பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை. அங்கே இரண்டாவது ரவுட்டர் ஒன்றைப் பொருத்தினோம். இணையம் வருகிறது, ஆனால் அங்குள்ள கணினிகளுக்கு முன்னறைப் பிரின்டர் தெரிவதில்லை. பக்கத்திலுள்ள அண்ணன் வீட்டுக்கும் இணைப்புக் கொடுக்கலாமா?"

ஜன்னலை விட்டு அந்த ரவுட்டரை நகர்த்த வேண்டாம். மலைச்சரிவில் கோபுர சிக்னல் பெரும்பாலும் ஒரே திசையிலிருந்துதான் வரும். தகரக் கூரையும் கல்சுவரும் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். சிக்னல் கிடைக்கும் இடத்தில் ரவுட்டர் இருக்கட்டும், உள்ளறைகளுக்குக் கேபிள் போகட்டும். கேட் 5இ வகை நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாக வேலை செய்யும். விலை குறைவென்று செம்பு பூசிய அலுமினியக் கேபிளை வாங்காதீர்கள்.

பிரின்டர் தெரியாததற்குக் காரணம், இரண்டாவது ரவுட்டர் தனக்கென வேறொரு வலையமைப்பை உருவாக்கிக்கொண்டதுதான். பிரின்டரைத் தேடும் அழைப்பு அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. இரண்டாவது ரவுட்டரின் அமைப்பில் 'அக்சஸ் பாயின்ட்' முறை (தனி வலையமைப்பை உருவாக்காமல் இணைப்பை மட்டும் நீட்டித் தருவது) இருந்தால் அதற்கு மாற்றுங்கள், வேலை முடிந்தது. இல்லாவிட்டால், கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் ரவுட்டரின் முகவரி 192.168.8.1 என்றால் இரண்டாவதற்கு 192.168.8.2 கொடுங்கள். அடுத்து அதிலுள்ள டிஎச்சிபியை, அதாவது கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதியை, நிறுத்துங்கள். அந்த வேலையை முதல் ரவுட்டர் மட்டுமே செய்ய வேண்டும். பிறகு இரண்டிலும் லேன் (LAN) துளைகளிலேயே கேபிளைச் செருகுங்கள். இரண்டாவதன் வேன் (WAN) துளையில் செருகினால் பழைய சிக்கல் திரும்பிவிடும்.

அண்ணன் வீட்டு விஷயத்தில்தான் எனக்குக் கவலை. இரு வீடுகளுக்கும் நடுவே வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்கவே வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி நம் மலைகளில் எப்படி இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அருகில் மின்னல் விழுந்தாலே போதும், கேபிளில் எழும் மின்னழுத்தம் இரு வீட்டுக் கருவிகளையும் எரித்துவிடலாம்; கணினியைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கும் ஆபத்து. அதற்குப் பதிலாக ஒளியிழைக் கேபிள் இழுங்கள், அதில் மின்சாரம் பாயாது. உள்ளே உலோகக் கம்பி இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். இரு முனைகளிலும் ஒளியையும் மின்சிக்னலையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் பெட்டி தேவைப்படும். வீடுகள் மிக அருகில் இருந்தால், அண்ணன் வீட்டைப் பார்த்த ஜன்னலில் இரண்டாவது ரவுட்டரை வைத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முயலுங்கள். 5 கிகாஹெர்ட்ஸைவிட அது சுவரை நன்றாகத் தாண்டும். அதற்கு முன், வீட்டுக்கு வெளியே பகிர உங்கள் பக்கேஜ் அனுமதிக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். இடிமழை நெருங்குமுன்பே மின்செருகிகளைக் கழற்றுவது எந்த ஏற்பாட்டிலும் அவசியம்.

டேட்டா ஒன்றுதான், அதை எல்லோரும் பங்கு போடுகிறீர்கள். விண்டோஸ் கணினிகளில் இந்த இணைப்பை 'மீட்டர்டு' (அளவுக்குட்பட்ட டேட்டா) எனக் குறித்தால், பெரிய புதுப்பிப்புகள் பெரும்பாலும் தாமாக இறங்காது. கேபிள் இணைப்புக்கும் இதைத் தனியாகக் குறிக்க வேண்டும். பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால், வாரத்தில் ஓர் இரவு அந்தக் குறியை நீக்கிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.