மாணவர் மதிப்பீட்டைக் காட்டி ராஜினாமா கேட்கிறார்கள்

கேள்வி: தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் நான்கு வருடமாக உதவிப் பேராசிரியை. மாணவர் மதிப்பீட்டில் 'சிடுமூஞ்சி', 'சேலை நன்றாகக் கட்டத் தெரியாது' என்று எழுதிக் குறைத்துப் போடுகிறார்கள். என்னைவிடக் கறாரான ஆண் ஆசிரியர்களுக்கு நல்ல மதிப்பெண். இப்போது ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள். பெண் ஆசிரியர்களுக்கு மாணவர்கள் குறைத்துப் போடுகிறார்கள் என்று காட்டும் ஒரு ஆய்வையும் அனுப்பியிருக்கிறேன். பாகுபாடு என்று வழக்குப் போடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய 2015 அமெரிக்க ஆய்வு நல்ல ஆய்வுதான். இணையவழி வகுப்பில் ஆசிரியரின் பெயரை மட்டும் மாற்றிக் காட்டியதில், பெண் பெயருக்கு மதிப்பெண் குறைந்தது. உங்களுக்கு நடப்பது அநியாயம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் வழக்கு அதில் நிற்காது. பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் 2019 விதிகளே, ஆசிரியர் மதிப்பீட்டில் 100க்கு 25 புள்ளியை மாணவர் கருத்துக்குத் தருகின்றன. சேலை பற்றிய வரிகளில் பாலியல் தொனி இருந்தால் மூன்று மாதத்துக்குள் கல்லூரியில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் தனியாகப் புகார் கொடுங்கள்.

நான் பார்க்க விரும்புவது ஒரே காகிதம்: தகுதிகாண் பருவம் (புரொபேஷன்) முடிந்ததாக உங்களுக்கு ஆணை வந்ததா? வந்திருந்தால், குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் (சார்ஜ் மெமோ) விசாரணையும் இல்லாமல் உங்களை நீக்குவது அவர்களுக்குச் சிக்கல். அதனால்தான் ராஜினாமா கேட்கிறார்கள்.

என்னிடம் வருகிறவர்களில் பலர் மாட்டுவது இந்த இடத்தில்தான். மாலை நான்கரைக்குத் துறைத்தலைவர் அறைக்குக் கூப்பிடுவார்கள். 'சொந்தக் காரணங்களுக்காக, என் விருப்பத்தின் பேரில்' என்று டைப் செய்த கடிதம் தயாராக இருக்கும். 'கையெழுத்துப் போட்டால் நாளைக்கே சான்றிதழ், இல்லையென்றால் வேறு கல்லூரியிலும் வேலை கிடைக்காது' என்பார்கள். போட்டுவிட்டால், மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். சாட்சிக்கு எந்தச் சக ஆசிரியரும் வரமாட்டார். ஏற்கெனவே போட்டிருந்தால், அவர்கள் ஏற்றுக்கொள்வதற்கு முன், இன்றே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் திரும்பப் பெறுங்கள்.

வழக்கு என்றால் எளிதல்ல. ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988லேயே சொல்லிவிட்டதால் தொழிலாளர் நீதிமன்றம் கிடையாது. அரசு உதவி பெறாத தனியார் நிறுவனத்தின் பணிப் பிரச்சினைக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதையும் உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு வெகுவாகச் சுருக்கிவிட்டது. பெரும்பாலும் மிஞ்சுவது வருடக்கணக்கில் இழுக்கும் சிவில் வழக்கு.

எனவே சமரசமாகப் போங்கள் என்றே சொல்வேன், ஆனால் உங்கள் நிபந்தனையில். நோட்டீஸ் காலச் சம்பளம், பாக்கி, அசல் சான்றிதழ்கள், குறை எதுவும் எழுதாத அனுபவச் சான்றிதழ், எல்லாம் நிர்வாகத்தின் கையெழுத்தோடு எழுத்தில் வர வேண்டும். அது கையில் வந்த பிறகு ராஜினாமாவை நீங்களே எழுதுங்கள். அவர்கள் டைப் செய்ததில் கையெழுத்து வேண்டாம்.