உங்கள் பகுதி மக்கள் பிரதிநிதி மருத்துவ வசதி விஷயத்தில் எடுத்த நிலைப்பாட்டால் ஏமாந்தது உண்டா? என்ன செய்தீர்கள்?

உண்டு. அதுவும் நானே ஓட்டுப் போட்ட கவுன்சிலரிடம் ஏமாந்தேன்.

கேள்வி கேட்டவர் எந்த ஊர் என்று போடவில்லை. கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் வயதானவர் ஒருவருக்கு முடியாமல் இருக்கிறது, யாரிடமோ போய் நின்று வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. அவர் பெயர், கட்சி, வார்டு எண் எதையும் சொல்லப் போவதில்லை. வட சென்னை, அது போதும். கமெண்டில் வந்து "நீ அந்தக் கட்சியா, இந்தக் கட்சியா" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. எங்களிடமிருந்து மூன்றாவது வீட்டு அண்ணனுக்கு மூச்சுத் திணறல். எங்கே கேட்டாலும் படுக்கை இல்லை என்றார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மீன்பாடி வண்டியில் ஆக்ஸிஜன் சிலிண்டரைப் போட்டுத் தானே தள்ளிக்கொண்டு வந்தார், பின்னாளில் எங்கள் கவுன்சிலரான அந்த மனிதர். அப்போது அவர் எந்தப் பதவியிலும் இல்லை. சென்னை மாநகராட்சிக்கே 2016-லிருந்து கவுன்சிலர்கள் இல்லாத காலம் அது. அந்த அண்ணன் பிழைத்துக்கொண்டார். 2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோது எங்கள் தெருவில் யாரும் யோசிக்கவே இல்லை. சென்னையில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வராத தேர்தல் அது. நான் அம்மாவையும் கைப்பிடித்துக் கூட்டிப் போய் அவருக்கே போட்டேன். உடம்புக்கு முடியாதவனின் அருமை தெரிந்த ஆள் என்று நம்பித்தான் போட்டேன்.

அடுத்த வருஷம் எங்கள் பக்கம் ஒரு பேச்சு வந்தது. அரசு அப்போது நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்க ஆரம்பித்திருந்தது. 2023 ஜூன் 6 அன்று ஒரே நாளில் மாநிலம் முழுக்க 500 மையங்களைத் திறந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர். காலை 8 முதல் 12 வரை, சாயங்காலம் 4 முதல் 8 வரை. எங்கள் தெரு முனையில் மாநகராட்சியின் பழைய கட்டடம் ஒன்று பூட்டியே கிடக்கிறது. அங்கே அப்படி ஒரு மையம் வரலாம் என்றார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. நோயாளிகள் கூட்டம் சேரும், தொற்று வரும், வண்டி நிறுத்த இடம் இருக்காது என்றார்கள்.

கிராம சபை மாதிரி நகரங்களுக்கும் 2022-லிருந்து பகுதி சபை என்று ஒன்று நடக்கிறது. கவுன்சிலர்தான் தலைமை. மாநகராட்சிப் பள்ளியின் ஒரு வகுப்பறையில் எங்கள் பகுதி சபை நடந்தது. முப்பது பேர் இருந்தோம். கவுன்சிலர் எழுந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எல்லார் கையிலயும் அஞ்சு லட்ச ரூபா காப்பீட்டுக் கார்டு இருக்கும்மா. எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் போகலாம். தெருவுக்குத் தெரு கிளினிக் எதுக்கு? அந்த இடத்துல பசங்களுக்கு ஜிம் வைக்கலாம்." கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. சாயங்கால டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

காப்பீட்டுத் திட்டத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, ஜெயலலிதா ஆட்சியில் 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறுபடி வந்தது, இன்றும் நடக்கிறது. அதனால் பிழைத்த குடும்பங்களை எனக்கே தெரியும். ஆனால் அந்த அட்டை எதற்கு என்று கொஞ்சம் பாருங்கள். பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சை, குறிப்பிட்ட சில பரிசோதனைகள், இவற்றுக்குத்தான். சாயங்காலம் போய் டாக்டரிடம் காலைக் காட்ட, புண்ணுக்குக் கட்டு மாற்ற அந்த அட்டை உதவாது. இது கவுன்சிலருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. கார்டு போடும் முகாமைத் திறந்து வைத்ததே அவர்தான்.

சரி, என் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு 63 வயது, பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடும், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். போன வருஷம் ஆடி ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கூழ் ஊற்றினார்கள். அம்மா வெறுங்காலோடு உச்சி வெயிலில் மூன்று சுற்று சுற்றியிருக்கிறாள். தரை சுட்டது அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாவது விரலுக்குக் கீழே ஒரு கொப்புளம், நாலாம் நாள் அது உடைந்தது. "சர்க்கரைக்காரங்க செருப்பில்லாம போகலாமா?" என்று கேட்பீர்கள். நாற்பது வருஷமாகப் போகிற கோவில். அவளை எப்படித் தடுப்பது?

மாத்திரை கொடுக்க வரும் பெண்தான் முதலில் பார்த்தாள். "அக்கா, இதை இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றாள். எங்களுக்கு உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு சப்வேயைத் தாண்டிப் போக வேண்டும். புண் காலோடு அம்மாவால் தனியாகப் போக முடியாது. நான் சவுகார்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் பில் போடுகிறேன். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் ஏழு மணிக்குத்தான் வெளியே வருவேன், வீடு வந்து சேர ஏழே முக்கால் ஆகிவிடும். லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். இரண்டு நாள் போட்டேன், மூன்றாவது நாள் முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் பக்கத்துத் தனியார் கிளினிக்குக்கே போனோம். டாக்டருக்கு 300, ஒவ்வொரு கட்டுக்கும் 200. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்ட வேண்டும். மூன்று வாரத்தில் கையிருப்பு தீர்ந்தது. அப்புறம் நானே வீட்டில் கட்டு மாற்ற ஆரம்பித்தேன்.

ஒட்டிப்போன துணியில் சலைனை ஊற்றி, ஊறவிட்டு, ஓரமாக மெதுவாக உரிக்க வேண்டும். அம்மா டிவி பார்த்துக்கொண்டே காலை நீட்டிக்கொண்டிருப்பாள். வலியே இல்லை அவளுக்கு. வலித்திருந்தால் நல்லது என்று பிறகுதான் புரிந்தது. ஒரு ராத்திரி துணியை எடுத்ததும் ஒரு வாடை வந்தது, எலி செத்த மாதிரி. விரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சேர்த்துக்கொண்டார்கள், நன்றாகவே பார்த்தார்கள், கார்டு எண்ணையும் பதிந்துகொண்டார்கள். இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள். ஒரு ரூபாய் செலவில்லை. விரலை வெட்ட அட்டை இருந்தது. அதைக் காப்பாற்ற எட்டு மணி வரை ஒரு டாக்டர் தெரு முனையில் உட்கார்ந்திருந்தால் போதும், அது இல்லை.

"சம்பளம் வாங்குகிறாயே, உனக்கு எப்படி வருஷத்துக்கு 1,20,000 ரூபாய் வருமான வரம்புக்குள் காப்பீட்டுக் கார்டு கிடைத்தது?" என்று யாராவது கேட்பார்கள். அம்மாவுக்குத் தனி ரேஷன் கார்டு, அதில் எடுத்தது. வருமானச் சான்றிதழ் வாங்கி, ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் போட்டோ எடுத்து, முறையாகத்தான் வாங்கினோம்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பித்தார்கள். ஃபிரிட்ஜை அணைக்க முடியாது. வீட்டு ஓனர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். 2016-லிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அது அவர் பெயரில் உள்ள மீட்டரோடு நின்றுவிடுகிறது, வாடகைக்கு இருப்பவர்களிடம் வருவதே இல்லை. கேட்டால் "பிடிக்கலைன்னா காலி பண்ணுங்க" என்கிறார். இந்த ஊரில் பாதிப் பேர் வாடகை வீட்டில்தானே இருக்கிறோம்? இதை ஒரு கட்சியும் மேடையில் பேசிக் கேட்டதில்லை. கிளினிக் வேண்டாம் என்று சொன்னவர்களில் எங்கள் ஓனரும் ஒருவர். அவருக்குக் கார் இருக்கிறது.

என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். அடுத்த பகுதி சபைக்குப் போனேன். இந்தத் தடவை முன்வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் எழுந்து, "அண்ணா, அன்னைக்கு ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தள்ளிட்டு வந்தீங்களே, பெரிய ஆஸ்பத்திரி இருக்குன்னு நீங்க சும்மா இருக்கலையே. அதுக்காகத்தான் ஓட்டுப் போட்டோம். கிளினிக் எதுக்குன்னு நீங்க கேட்டதுக்கு எங்க அம்மா விரல்தான் பதில்" என்றேன். குரல் நடுங்கியது. அவர் முகம் மாறியது உண்மை. "ஏம்மா, அப்பவே எங்கிட்ட வந்திருக்கலாமே, நானே வண்டி அனுப்பியிருப்பேனே" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதில்தான் எனக்குக் கோபமே வந்தது. ஒவ்வொரு புண்ணுக்கும் ஒரு கவுன்சிலரைத் தேடிப் போக வேண்டுமா? நான் கேட்பது அவர் வண்டியை அல்ல. அவர் இல்லாவிட்டாலும் திறந்திருக்கும் ஒரு கதவைக் கேட்கிறேன்.

"பார்க்கலாம்மா" என்று அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். நான் உட்காரவில்லை. கோரிக்கையை நோட்டில் எழுதச் சொன்னேன். மாநகராட்சி ஊழியர் தயங்கி அவரைப் பார்த்தார். பின்னால் இருந்த இரண்டு பெண்களும் எழுந்து "எழுதுங்க சார்" என்றார்கள். எழுதினார். "பழைய கட்டடத்தில் நலவாழ்வு மையம் அமைக்கக் கோரிக்கை" என்று ஒரே வரி. அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வீட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன், எல்லோரும் வாடகைக்கு இருப்பவர்கள். மண்டல அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து ரசீதும் வாங்கியாயிற்று.

இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. கட்டடத்தில் ஜிம்மும் வரவில்லை, பூட்டு அப்படியே தொங்குகிறது. நீங்களும் உங்கள் வார்டில் பகுதி சபை எப்போது என்று கேட்டு வையுங்கள், வாயால் சொல்வதோடு விடாமல் நோட்டில் ஏற்ற வையுங்கள். அடுத்த சபைக்கு அம்மாவையும் கூட்டிப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் நாலு படிதான். சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஏறிவிடுவாள்.