ஆலோசகர் வேலைக்கு முன்பணமா? கட்டாதீர்கள்

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் வசிக்கிறேன். புள்ளியியலில் எம்.எஸ்சி. படித்துவிட்டு, ஒரு கள ஆய்வு நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 75,000 ரூபாய். குழந்தைகள் பற்றிய தேசிய அளவிலான வீட்டுவாரி ஆய்வுக்குத் துணைபுரிய ஆலோசகர் தேவை என்ற அறிவிப்பை ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப் தளத்தில் பார்த்தேன். லட்சுமி நகரில் ஒரு முகவர், 15,000 ரூபாய் கட்டினால் 'ஆலோசகர் பட்டியலில்' சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். வேலை கிடைத்தபின் எனக்கு வரும் கட்டணத்தில் 20 சதவீதம் அவருக்கு. ஜிஎஸ்டி, வருமான வரி எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வாராம். கையெழுத்திட்ட பயோடேட்டாவைக் கொடுத்துவிட்டேன். பணத்தையும் கட்டலாமா? என் வேலைக்கு என்ன கட்டணம் கேட்பது?

பதில்: பணம் கட்டாதீர்கள். ஒரு ரூபாய் கூட வேண்டாம். விண்ணப்பம், தேர்வு, நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் யூனிசெஃப் கட்டணம் வாங்குவதில்லை. இதைத் தன் அறிவிப்புகளிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறது. விண்ணப்பிப்பவர் அவர்களுடைய தளத்தில் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் நேரடியாகப் பதிவேற்ற வேண்டும். நடுவில் ஒருவருக்கு அங்கே வேலையே இல்லை.

15,000 ரூபாயைவிட எனக்குப் பெரிய கவலை, நீங்கள் கொடுத்துவிட்ட அந்தப் பயோடேட்டாதான். தேசிய ஆய்வு என்றால் கோடிக்கணக்கில் டெண்டர்கள் நடக்கும். களப்பணியை ஏலம் எடுக்கும் நிறுவனங்கள், 'மாதிரியெடுப்பு நிபுணர்', 'தரவுத் தர நிபுணர்' என்று சிலரின் பயோடேட்டாக்களைக் கையெழுத்தோடு இணைத்தாக வேண்டும். அந்தப் பெயர்களுக்கு மதிப்பெண் உண்டு. டெண்டரை வென்றபின், 'அவருக்கு இப்போது வசதிப்படவில்லை' என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு வேறொருவரை உட்கார வைப்பார்கள். உங்கள் படிப்பும் அனுபவமும் அவர்களுக்கு ஒப்பந்தம் வாங்கித் தந்திருக்கும். உங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூட வந்திருக்காது.

எனக்கே இது நடந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஒரு டெண்டருக்காகக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். தேதி போடவில்லை. அதே தாள் மூன்று டெண்டர்களில் போயிருக்கிறது. நான்காவதாக வேறோர் இடத்தில் நான் நேரடியாக விண்ணப்பித்தபோது, 'உங்கள் பெயர் ஏற்கெனவே ஏலதாரர் ஒருவரின் குழுவில் இருக்கிறதே, நலன் முரண் அல்லவா' என்று கேட்டார்கள். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அந்த வாய்ப்பு போய்விட்டது. இதை மேற்பார்வையிட வேண்டியவர்கள் பயோடேட்டாவில் இருப்பவரை ஒருமுறை தொலைபேசியில் அழைத்துக் கேட்டாலே இந்தத் தொழில் ஒரே மாதத்தில் ஒழியும். யாரும் அழைப்பதில்லை.

ஆகவே முதல் வேலை இது. அந்த முகவருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'என் பயோடேட்டாவை எந்த டெண்டரிலும் பயன்படுத்த உங்களுக்கோ வேறு எவருக்கோ நான் அனுமதி அளிக்கவில்லை, கொடுத்த பிரதியைத் திரும்பப் பெறுகிறேன்.' வாட்ஸ்அப் போதாது, மின்னஞ்சலாகவே இருக்கட்டும். இனி எங்கே கொடுத்தாலும் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே டெண்டரின் பெயரையும் தேதியையும் எழுதி, 'இந்த ஒன்றுக்கு மட்டும், 90 நாட்களுக்கு' என்று சேர்த்துக் கையெழுத்திடுங்கள்.

நலன் முரண் உங்கள் பக்கத்திலும் இருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் நிறுவனமே இந்த ஆய்வின் களப்பணிக்குப் போட்டியிடுமானால், அதைக் கண்காணிக்கும் ஆலோசகராக நீங்கள் இருக்க முடியாது. விண்ணப்பத்தில் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

இப்போது கட்டணம். மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுத்து 2,500 ரூபாய் என்று கேட்காதீர்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. ஆலோசகருக்கு விடுப்பு கிடையாது, வருங்கால வைப்பு நிதி கிடையாது, பேறுகால விடுப்பு கிடையாது, மருத்துவக் காப்பீட்டை நீங்களே எடுக்க வேண்டும். ஆண்டில் 150 நாட்களுக்குக் கூலியுள்ள வேலை அமைந்தால் என் கணக்கில் அது நல்ல ஆண்டு. உங்கள் ஆண்டுச் சம்பளம் 9 லட்சம். 150-ஆல் வகுத்தால் நாளுக்கு 6,000. காப்பீடு, சேமிப்பு, கணினி, தணிக்கையாளர் செலவுக்கு அதில் கால்பங்கைக் கூட்டினால் 7,500. இது உங்கள் அடிநிலை. 80 நாள் வேலையென்றால் 6 லட்சம். முகவருக்கு 20 சதவீதம் கொடுத்தால் 1,20,000 ரூபாய், அதாவது உங்கள் 16 நாள் உழைப்பு. பயணமும் தங்குமிடமும் மொத்தத் தொகைக்குள் அடக்கமா, தனியா என்பதை அறிவிப்பில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் அடக்கம்தான். நான்கு மாநிலங்களுக்குப் போய்வரும் செலவைச் சேர்க்காமல் தொகை எழுதினால் அது உங்கள் கூலியிலிருந்துதான் போகும்.

'குறைத்துக் கேட்டால்தான் கிடைக்கும்' என்று முகவர் சொல்லியிருப்பார். கணக்கைப் பாருங்கள். தொழில்நுட்பத் தகுதிக்கு 70, கட்டணத்துக்கு 30 என்று மதிப்பெண் பிரிப்பதும், 80:20 என்று பிரிப்பதும் வழக்கம். எது என்பது அறிவிப்பிலேயே இருக்கும். மிகக் குறைவாகக் கேட்டவருக்குக் கட்டணத்தின் முழு மதிப்பெண், மற்றவர்களுக்கு விகிதப்படி. நீங்கள் தகுதியில் 100-க்கு 80 வாங்கி 6 லட்சம் கேட்கிறீர்கள். இன்னொருவர் 70 வாங்கி 4.5 லட்சம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 70:30-இல் உங்களுக்கு 56-உம் 22.5-உம் சேர்ந்து 78.5, அவருக்கு 49-உம் 30-உம் சேர்ந்து 79. அரை மதிப்பெண்ணில் தோற்கிறீர்கள். அதுவே 80:20 என்றால் உங்களுக்கு 79, அவருக்கு 76. முதல் கணக்கில்கூட, தகுதியில் 80-க்குப் பதில் 82 வாங்கினால் 79.9 வந்து நீங்கள் ஜெயிக்கிறீர்கள். அந்த இரண்டு மதிப்பெண்ணும் கட்டணத்தில் சுமார் 35,000 ரூபாய் குறைப்பதற்குச் சமம். கட்டணத்தில் கை வைப்பதற்கு முன் எழுத்தில் கை வையுங்கள்.

அந்த இரண்டு மதிப்பெண் எங்கே கிடைக்கும்? முகவர்கள் விற்கும் விண்ணப்பங்களில் 'தரத்தை உறுதிசெய்வேன்' என்ற ஒரே வரிதான் இருக்கும். நீங்கள் களத்தில் பார்த்ததை எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒன்று. இத்தகைய ஆய்வுகளில் ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குத்தான் தாய்ப்பால், தடுப்பூசி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று நீண்ட கேள்வித்தாள்; உயரமும் எடையும் வேறு அளக்க வேண்டும். நாளுக்கு இத்தனை வீடு என்று நெருக்கடியில் இருக்கும் பணியாளர், நான்கு வயது எட்டு மாதக் குழந்தையை 'ஐந்து முடிந்தது' என்று பதிந்துவிட்டால் முக்கால் மணி நேர வேலை மிச்சம். பத்துப் பேர் இப்படிச் செய்தால், வயது வாரியாகக் குழந்தைகளை எண்ணும்போது நான்கு வயதில் ஒரு பள்ளமும் ஐந்து வயதில் ஒரு மேடும் தெரியும். மறைந்துபோவது உண்மையான குழந்தைகள்; அவர்களுக்குத் தடுப்பூசி போட்டார்களா என்பது யாருக்கும் தெரியாமலே போகும். 'குழு வாரியாக, வாரந்தோறும் வயது அட்டவணையைப் போட்டு, பள்ளம் தெரியும் குழுவின் வீடுகளுக்கு ஒரு வாரத்துக்குள் திரும்பச் செல்வேன். இதற்கு 12 நாட்கள்' என்று எழுதுங்கள். இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தையைப் படுக்கவைத்தும் அதற்கு மேல் நிற்கவைத்தும் அளந்தார்களா, அளவுகள் எல்லாம், தோராயமாக எழுதியதுபோல், பூஜ்ஜியத்திலும் ஐந்திலும் முடிகின்றனவா என்பதையும் அதே பத்தியில் சேர்க்கலாம். படிப்பவர் உங்களைக் களம் கண்டவர் என்று உடனே அறிவார்.

அடுத்து, பணம் எப்போது வரும் என்பது. ஆலோசகருக்கு மாதச் சம்பளம் இல்லை; ஒப்படைக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தவணை. அதில் கடைசித் தவணையைக் கவனியுங்கள். 'இறுதி அறிக்கை வெளியானபின் 30 சதவீதம்' என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். அறிக்கையை வெளியிடுவது அமைச்சகத்தின் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. 2013-14-இல் யூனிசெஃப் துணையோடு நடந்த குழந்தைகள் பற்றிய விரைவு ஆய்வின் களப்பணி 2014-இல் முடிந்தும், தேசிய முடிவுகள் 2015-இல்தான் வெளிவந்தன. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு 2019 ஜூனில் தொடங்கி, ஊரடங்கால் இடையில் நின்று, 2021 ஏப்ரலில்தான் களப்பணியை முடித்தது. தேசிய அறிக்கை 2022 மே மாதம் வந்தது. குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் அளந்துவிட்டு அதை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைப்பது நாட்டுக்கும் நல்லதல்ல, உழைத்தவருக்கும் நல்லதல்ல. இந்தத் தாமதத்துக்கு இதுவரை யாரும் பொறுப்பேற்றதில்லை. ஆகவே உங்கள் தவணை, 'வரைவைச் சமர்ப்பித்து, எழுத்தில் வந்த கருத்துகளைத் திருத்திக் கொடுத்தபின்' என்று இருக்கட்டும். ஐ.நா. அமைப்பின் பொது விதிகளை மாற்றமாட்டார்கள். தவணை அட்டவணையைப் பற்றிக் கையெழுத்துக்கு முன் எழுதிக் கேட்கலாம். தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் என்றால், '15 வேலை நாட்களுக்குள் எழுத்தில் கருத்து வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்' என்ற வரி இல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

வரி பற்றிச் சுருக்கமாக: 'ஐ.நா. பணத்துக்கு வரியே இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சலுகை அலுவலர்களின் சம்பளத்துக்கு. ஒப்பந்த ஆலோசகர் தன் வரியைத் தானே கட்ட வேண்டும். ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தாண்டும் என்றால் முன்கூட்டியே தவணைகளில் செலுத்த வேண்டும். தனியார் நிறுவனம் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுத்தால், பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாதவர்களும் உண்டு.

ஜிஎஸ்டியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முகவர்கள் பயமுறுத்திப் பணம் பறிப்பது இதில்தான். சேவை வழங்குபவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பதிவு தேவையில்லை. 'ஆனால் நீங்கள் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் போகிறீர்களே, மாநிலம் தாண்டினால் கட்டாயப் பதிவு' என்பார்கள். இது அரை உண்மை. மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் பதிவு வேண்டும் என்பது பொது விதி. சேவைக்கு 2017-இலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள்: மாநிலம் தாண்டிச் சேவை வழங்கினாலும் 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். உங்களை நியமித்தவர் மும்பையில் இருந்தாலும் இதே விதி. நீங்கள் டெல்லியில் இருக்கிறீர்கள், நியமிப்பவரும் டெல்லியில் என்றால், பீகார் கிராமத்தில் நீங்கள் வீடு வீடாகப் போவதால் மட்டும் அது மாநிலம் தாண்டிய சேவை என்று ஆகிவிடாது. மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகிய நான்கு மாநிலங்களிலிருந்து சேவை வழங்குபவருக்குத்தான் வரம்பு 10 லட்சம். அங்கே களப்பணிக்குப் போகும் டெல்லிக்காரருக்கு அல்ல. 20 லட்சத்தைக் கணக்கிடும்போது நீங்கள் வாங்கிய சம்பளத்தைச் சேர்க்க வேண்டாம்; உங்கள் பான் எண்ணில் வேறு சேவைகளுக்கு வந்த வரவைச் சேர்க்க வேண்டும். 6 லட்சம் ரூபாய் ஒப்பந்தத்துக்குப் பதிவு எடுத்தால் 18 சதவீதம் கேட்டு வாங்க வேண்டும், மாதமோ காலாண்டோ கணக்குக் காட்ட வேண்டும், ஒவ்வொரு கணக்குக்கும் அதே முகவருக்குக் கூலி தர வேண்டும். அவர் பதிவெடுக்கச் சொல்வது இந்தக் கூலிக்காகத்தான்.

கடைசியாக, தேர்வாகிவிட்டதாகக் கடிதம் வந்தால் அனுப்புநர் முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து, முத்திரையோடு, 'பாதுகாப்புச் சரிபார்ப்புக் கட்டணம்' கேட்டு வந்தால் அது மோசடி. பதில் எழுதாமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். உங்கள் விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள். கட்டண முன்மொழிவைத் தனிக் கோப்பாகக் கேட்டிருந்தால் தனியாகவே வையுங்கள். தொகையை விண்ணப்பக் கடிதத்தில் எழுதிவிட்டதற்காகவே நல்ல விண்ணப்பங்கள் ஒதுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.