வாசகர் கேள்வி: அலோர் ஸ்டார் வயலில் இறங்கிய விமானம்

கேள்வி: ஜப்பான்காரன் வந்த நேரத்தில், அலோர் ஸ்டார் பக்கம் நெல்வயலில் ஒரு வெள்ளைக்காரர் விமானத்தை இறக்கிவிட்டு உயிரை விட்டார் என்று எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா ஐயா? அது எந்தப் படை?
- வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: தாத்தா சொன்னது உண்மைதான், தம்பி. அது பிரிட்டிஷ் விமானப் படையின் 62ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு. 1916இல் தொடங்கி, முதல் உலகப் போர் முடிந்ததும் கலைக்கப்பட்டு, 1937இல் மறுபடியும் உருவான படை. 1939இல் சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து கெடாவின் அலோர் ஸ்டாருக்கு மாறியது. ஓட்டியது பிளென்ஹைம் என்ற இரட்டை எஞ்சின் குண்டு விமானம்.

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் அலோர் ஸ்டார் விமானத் தளத்தைக் குண்டு போட்டுச் சிதைத்தார்கள். சுங்கை பட்டாணித் தளத்துக்கும் அன்றைக்கே அடி. என் அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து பால்மரக் காட்டில் நின்றவர்கள் புகையைப் பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினார்களாம். அந்தப் புகையின் கதையை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

மிஞ்சிய விமானங்கள் பட்டர்வொர்த் விமானத் தளத்துக்குப் போயின. மறுநாள் அங்கிருந்து சயாமில் (இன்றைய தாய்லாந்து) ஜப்பானியர் பிடித்திருந்த சிங்கோரா தளத்தைத் தாக்கத் திட்டம். முதலில் மேலே கிளம்பியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப், வயது 28. அவர் கிளம்பியதுமே ஜப்பானிய விமானங்கள் வந்து, தரையில் நின்ற மற்றவற்றை நொறுக்கின. துணைக்கு ஒரு விமானம்கூட வராது என்பதை மேலேயிருந்து கண்ணால் பார்த்தார். அந்த இடத்தில் திரும்பியிருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தனியாகவே சிங்கோராவுக்குப் போய்க் குண்டைப் போட்டார்.

திரும்பும்போது ஜப்பானியச் சண்டை விமானங்கள் விரட்டிச் சுட்டன. அவருடைய இடது கையும் முதுகும் சிதைந்தன. கூட இருந்த கால்டர், ரிச் என்ற இரண்டு சார்ஜண்டுகளும் அவரைச் சாயாமல் தாங்கிப் பிடிக்க, அலோர் ஸ்டார் வரை ஓட்டி வந்து சக்கரம் இறக்காமலே வயலில் இறக்கினார். அந்த இரண்டு பேருக்கும் ஒரு காயமும் இல்லை. அவரைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில்தான் அவர் மனைவி நர்ஸாக வேலை செய்தார். சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

படை பின்வாங்கிய குழப்பத்தில் பதிவேடுகள் தொலைந்தன. அதனால் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் 1946இல்தான் கிடைத்தது. மனைவி போய் வாங்கினார். 62ஆம் ஸ்குவாட்ரன் பிறகு டகோட்டா விமானங்களோடு பர்மா போர்முனைக்குச் சரக்கு சுமந்தது. அதே ஆண்டுகளில்தான் நம் தோட்டத்து ஆட்களைச் சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். என் பெரியப்பாவும் போனார், திரும்பவில்லை. அவருக்கு ஒரு கல்லும் கிடையாது.

ஸ்கார்ஃபின் கல்லறை தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது, லேக் கார்டனிலிருந்து புக்கிட் லாருட் போகும் சாலையில். தாத்தா பேரைச் சொல்லி ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள். அந்தச் சாலை கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. எதிர்ப்பக்கம் இந்தியச் சிப்பாய்கள் கிடக்கிறார்கள். அங்கும் போங்கள்.